சங்கீதா கேட்ட படம்

ஆம்பூர்,
12.8.2003

அன்புள்ள ஃபீபிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் கால் வீக்கம் வடிந்ததா?

எங்கள் ஷூ கம்பெனிக்கு நான் செய்த வெப்சைட்டை நேற்று டெலிபோன் ஆபரேட்டர் சங்கீதாவிடம் திறந்து கொடுத்தேன். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் உள்ள எழுத்துகளைக் கம்ப்யூட்டர் குரலாக வாசிக்க, அவர் காதால் கேட்பார். ஊழியர்கள் எல்லோரும் நிற்கும் படம் வந்ததும் கம்ப்யூட்டர் பேசவில்லை.

"இன்னா சார், இங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது?"

படத்துக்கான புரோகிராமில், கம்ப்யூட்டர் வாசிப்பதற்காக ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'இடது ஓரத்தில் மஞ்சள் சேலையில் சங்கீதா, சிரிக்கிறார்.'

கம்ப்யூட்டர் அதைச் சொன்னதும் அவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் சிரிக்கிறேனா சார்? இன்னொரு வாட்டி வைங்க."

ஏழு முறை கேட்டார். ஃபீபி, நான் தட்டியது ஒரே ஒரு வரி!

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, யாரிடமாவது கொடுத்து அனுப்பு. கூடவே உன் போட்டோவும். தபால் எடுக்கும் நேரமாயிற்று.

உன் ஷாஜின்