‘சுருட்’ என்றால் சுருட்டு அல்ல

அனுப்புநர்
திருமதி த. கமலவேணி,
திரு. தனபாலன் அவர்களின் மனைவி,
காஜா பேராங், மலாக்கா.

பெறுநர்
துறைமுக அதிகாரி அவர்கள்,
துறைமுக அலுவலகம், மலாக்கா.

பொருள்: சென்ற செப்டம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, குடும்பங்களைத் தீவுக்கு ஏற்றிச் சென்ற ‘கடலரசி’ என்னும் மோட்டார் படகு ஆற்று வாய்க்கு வெளியே சேற்றில் தரைதட்டியதும், அதன் பழி என் தலையில் சுமத்தப்பட்டதும் குறித்து. நேரில் அழைத்து விசாரிக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்தில் தமிழ்க் கடிதங்களைப் படித்துச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தைரியத்தில் தமிழிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: நான் கோபமாக எழுதியிருக்கும் இடங்களைத் தயவுசெய்து மெருகேற்றிச் சொல்ல வேண்டாம்.

1. நான் பிறந்து வளர்ந்தது செமாபோக். திருமணத்துக்கு முன் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வாழ்க்கைப்பட்டது காஜா பேராங்கில், பல நூறு வருடங்களுக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர் வழிவந்த சிட்டி குடும்பத்தில். எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவது, பொங்கல் வைப்பது எல்லாம் நம் முறைதான். பேச்சு மட்டும் மலாய். வந்த புதிதில் திருதிருவென்று விழித்தேன். ஒரே வருடத்தில் கற்றுக்கொண்டேன். ஆகவே எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். இந்த வழக்கே அதில்தான் இருக்கிறது.

எனக்கு இரண்டு குழந்தைகள். ஜெயாவுக்கு மூன்று வயது. தியாகு இப்போதுதான் நடக்கப் பழகுகிறான். ஜெயா பிறந்த நாளிலிருந்து நான் வீட்டை விட்டுப் போன இடங்கள் கோவிலும் ஆஸ்பத்திரியும்தான். மெர்டேக்கா வந்தது, திடலில் கூட்டம் ஆர்ப்பரித்த சத்தத்தை நான் சமையலறையில் நின்று கேட்டேன். அதற்கு அடுத்த வாரம், ‘விடுதலையைக் கொண்டாடக் குழந்தை குட்டிகளுடன் தீவுக்கு உல்லாசப் பயணம், கால் நனையாமல் போய் வரலாம்’ என்று அச்சடித்த துண்டுக் காகிதம் ஒன்று வீட்டுக்கு வந்தது. போகலாம் என்று என் கணவரிடம் கேட்டவள் நான்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆசைப்பட்டேன், கேட்டேன். ஆசைப்பட்டது குற்றமாகாது என்று நம்புகிறேன்.

2. அன்று காலை படகில் முதலில் ஏறியவர்கள் நாங்கள். முன்பக்கத்துப் பலகையில் எங்களுக்கு இடம் கிடைத்ததே அதற்குச் சாட்சி. படகு விடியற்காலையிலேயே புறப்படும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் பயண ஏஜெண்டு தேவதாஸ் என்பவர், இன்னும் ஆள் வருவார்கள் என்று படித்துறையிலேயே நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது. தியாகு கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தான். ஜெயா, தீவு எங்கே தீவு எங்கே என்று கேட்டுக் கேட்டு, தீவு வருவதற்கு முன்பே தீவின்மேல் வெறுப்பு வருமளவுக்குக் கேட்டுவிட்டாள்.

3. மேற்படி தேவதாஸ் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து மலாக்காவுக்குப் புதிதாக வந்தவர். கடைத்தெரு மலாய் அவருக்குத் தெரியும், கடல் தெரியாது. படகை ஓட்டும் செராங் யூசோப் வயதான மலாய்க்காரர். பின்பக்கம் நின்றுகொண்டு ஆற்றுத் தண்ணீரைப் பார்ப்பதும், படித்துறையைப் பார்த்து “சுருட்! சுருட்!” என்று கத்துவதுமாக இருந்தார். தண்ணீர் வற்றுகிறது, இனி தாமதித்தால் ஆற்று வாயைத் தாண்ட முடியாது என்பது அதன் பொருள். மலாயில் கடல் வற்றுவதற்குப் பெயர் சுருட். மலாக்காவில் வளர்ந்த பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

தேவதாஸ் என்ன செய்தார் தெரியுமா, ஐயா? தலையை ஆட்டிவிட்டுக் கடைக்கு ஓடினார். ஒரு கட்டுச் சுருட்டு வாங்கி வந்து செராங் கையில் கொடுத்தார்.

செராங் அந்தச் சுருட்டுக் கட்டைப் பார்த்த பார்வையை இதில் எழுத எனக்குத் திறமை போதாது.

நான் எழுந்து, அது சுருட்டு இல்லை, தண்ணீர் வற்றுகிறதாம், உடனே கிளம்பச் சொல்கிறார் என்று தமிழில் தெளிவாகச் சொன்னேன். அதற்குத் தேவதாஸ் சிரித்துக்கொண்டே சொன்னது அப்படியே: “அக்கா, கெழவன் பொகைக்கு ஏங்குறான். அதான் குடுத்தாச்சுல்ல. நீங்க புள்ளைய வச்சுக்கிட்டு குந்துங்கக்கா.” படகில் இருந்த ஆண்கள் சிலரும் சிரித்தார்கள். என் கணவர் என் கையைத் தொட்டு மலாயில், பேசாமல் இரு என்றார். நான் உட்கார்ந்தேன். பேசாமல் இருந்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. உட்கார்ந்தபடி இன்னொரு தரமும் சொன்னேன்.

4. கடைசியில் இரண்டு குடும்பங்கள் கூடுதலாகக் கிடைத்த பிறகே படகு புறப்பட்டது. ஆற்று வாயைக் கடந்து சிறிது தூரம் போனதும் அடியில் ஏதோ தேய்ந்தது. எஞ்சின் உறுமியது, சேறு கொப்பளித்தது, படகு நின்றுவிட்டது. பார்க்கப் பார்க்கத் தண்ணீர் விலகிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றிச் சேறு, சேறு, சேறு மட்டுமே. முன்னால் பார்த்தால் தீவு தெரிகிறது. பின்னால் பார்த்தால் கரையிலுள்ள தெங்கேராவின் வீடுகள் தெரிகின்றன. ஒரு வீட்டில் துணி காய்வது கூடத் தெரிந்தது. கரையில் கூடியவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஜெயா மகிழ்ச்சியோடு பதிலுக்குக் கையசைத்தாள். சம்பான் என்னும் சிறு தோணி வரக்கூட ஆழம் இல்லை, நடந்து போகத் தரை இல்லை. இறங்கிப் பார்க்கிறேன் என்று குதித்த ஓர் இளைஞரைத் தொடை வரை விழுங்கிய சேற்றிலிருந்து மூன்று பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

துண்டுக் காகிதத்தில் போட்டிருந்தபடி அதுவரை எனக்குக் கால் நனையவில்லை என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்கிறேன்.

சிறு குழந்தைகளோடு ஓரிடத்தில் அடைபட்டிருப்பது எப்படி என்று ஐயா அவர்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ. மேலே பாதிப் படகுக்குத்தான் கூரை. புட்டிப் பால் திரிந்துவிட்டது. தியாகு இறங்க வேண்டும், இறங்க வேண்டும் என்று வில்லாக வளைந்து அழுதான். அவன் அழுகை ஓய்ந்தால் பக்கத்துக் குழந்தை ஆரம்பிக்கும். முந்தானையின் ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டி மறுமுனையை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். செராங் பின்பக்கம் உட்கார்ந்து, கிடைத்த சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். நான் ‘சுருட்’ என்றேன், அவன் ‘செருட்’ கொடுத்தான் என்று தமக்குத்தாமே மலாயில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். மலாயில் சுருட்டுக்குச் செருட் என்று பெயர். அத்தனை எரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு இரண்டு மொழியும் சேர்ந்து புரியவில்லை, அல்லது சிரிக்கும் நிலையில் இல்லை.

5. இனி எழுதுவது எனக்குக் கடினமானது. படகின் இடது பக்கத்தில் கைப்பிடிக் கம்பி ஓரிடத்தில் இல்லை. அங்கே ஒரு கயிறு மட்டும் கட்டியிருந்தார்கள். கடல் திரும்பி ஏறத் தொடங்கியிருந்த நேரம். ஜெயா அந்தக் கயிற்றுக்கு அடியில் புகுந்து, நண்டைப் பார்க்கக் குனிந்தாள், விழுந்தாள். மார்பு வரை சேற்றில் புதைந்து நின்றாள். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

தியாகுவை அவிழ்த்து என் கணவர் மடியில் போட்டுவிட்டு நான் குதித்தேன். யோசித்துச் செய்ததல்ல. குழந்தையைப் பிடுங்கி மேலே தூக்கிக் கொடுத்துவிட்டேன். என்னால்தான் ஏற முடியவில்லை. ஒரு காலை உருவினால் மற்றக் கால் இன்னும் ஆழமாக இறங்கியது. தண்ணீர் முழங்காலில் இருந்தது. பிறகு இடுப்புக்கு வந்தது. மேலிருந்து ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அசையாதே என்றார்கள், அசை என்றார்கள். பயந்தேன், ஐயா. என் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்க நான் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். அப்போது செராங் யூசோப் சுருட்டைத் துப்பிவிட்டு, படகின் அடித்தட்டுப் பலகையைப் பெயர்த்து என் முன்னால் சேற்றில் போட்டு, அதன்மேல் படுத்து, என் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். அவர் பேரில் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. அவர் வேலைக்கு எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது.

அந்தி சாய்வதற்குள் படகு மிதந்தது. தீவுக்குப் போகாமலே திரும்பினோம்.

6. மறுநாளே தேவதாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பின்கட்டில் சேறு படிந்த துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் மாமியார் காமாட்சி அம்மாளிடம், உங்கள் மருமகள் பிள்ளைக்குப் பால் காய்ச்சிக்கொண்டு தாமதமாக வந்தாள், அவளுக்காகக் காத்திருந்துதான் படகு கிளம்ப நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று காலை நான் பால் காய்ச்சியதை என் மாமியார் கண்ணால் பார்த்தவர். ஆகவே நம்பிவிட்டார். மற்றக் குடும்பங்களிடமும் தேவதாஸ் இதையே சொல்லி வருகிறார்.

என் மாமியார் கெட்டவர் அல்லர். பேரப்பிள்ளைகள்மேல் உயிரை வைத்திருப்பவர். அவர் பயந்துபோயிருக்கிறார். ஆனால் அந்தப் பயம் பூராவும் இப்போது என்மேல் பூட்டாக விழுந்திருக்கிறது. “டியா யாங் மாவ் பெர்கி” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்; போக வேண்டும் என்றவள் இவள்தான் என்று அர்த்தம். இதற்கிடையில் செமாபோக்கில் என் பழைய பள்ளியிலிருந்து, வரும் ஆண்டு தொடக்கத்தில் மீண்டும் வேலையில் சேர விருப்பமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு படகில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் எந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறாள் என்று வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து வாசலுக்குக் கூட நான் தனியாகப் போகவில்லை.

என் கணவர் நல்லவர். நாங்கள் முதலில் ஏறியதும், நான் எச்சரித்ததும் அவருக்குத் தெரியும். ஆனால் தாயார் முன்னால் அவர் வாய் திறக்கமாட்டார். திறந்து நான் பார்த்ததில்லை. அரசாங்க அதிகாரி கேட்டால் பொய் சொல்லவும் மாட்டார்.

7. ஆகவே நான் கோருவது: கைப்பிடிக் கம்பி இல்லாத படகில் குழந்தைகளை ஏற்றாதபடி தடுக்க வேண்டும். நீர் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் படித்துறையில் தமிழிலும் எழுதி மாட்ட வேண்டும். சுருட் என்றால் என்னவென்று கூடவே எழுதினால் நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, செராங் யூசோப், தேவதாஸ், என் கணவர், நான் ஆகியோரை நேரில் அழைத்து விசாரித்து, தாமதத்துக்குக் காரணம் யார் என்பதைத் தங்கள் கையெழுத்தோடு எழுதித் தர வேண்டும்.

அந்த அழைப்பாணையைத் தமிழில் அனுப்ப வேண்டாம். மலாயில் அனுப்புங்கள். எங்கள் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இந்த மனுவைக்கூட என் மாமியாருக்கு எதிரிலேயே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊறுகாய் போடும் முறை எழுதுவதாக அவர் நினைத்திருக்கிறார். ஆணை மலாயில் வந்தால் அவரே படிப்பார். உறையின்மேல் அரசாங்க முத்திரையும், கணவர் பெயரோடு என் பெயரும் இருக்கட்டும். அரசாங்கம் கூப்பிட்டால் போகக் கூடாது என்று சொல்ல எங்கள் வீட்டில் யாராலும் முடியாது.

சேற்றில் நின்ற அன்று செராங் ஒரு பலகை போட்டார். தாங்கள் ஒரு காகிதம் போட்டால் போதும்.

பள்ளிக்கு நான் இம்மாத முடிவுக்குள் பதில் எழுத வேண்டும் என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன். அழைத்தால் குழந்தைகள் இருவரையும் கூட்டிக்கொண்டே வருவேன். ஆற்றோரமாக நடந்தே வந்துவிடுவோம், வண்டி வேண்டாம்.

தங்கள் காகிதத்துக்குக் காத்திருக்கும்,
த. கமலவேணி
(ஒப்பம்)

இடம்: காஜா பேராங், மலாக்கா
நாள்: 7 அக்டோபர் 1957