மாப்பிள்ளையின் கட்டை விரல்

டிசம்பர் 2, 1946. திங்கள். கடலூர்.

பெண்கள் வார்டில் காலையிலேயே எல்லாப் படுக்கையையும் விரித்து முடித்தேன். எங்களுக்கு நர்ஸ் பாடம் நடத்துகிற ஜகதாம்பாள் சிஸ்டர் வந்து மூலை மடிப்பைச் சுண்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுதான் பாராட்டு. அந்தச் சந்தோஷம் உடற்கூறு பரீட்சை முடிவு வருகிற வரைக்கும்தான். நான் ஃபெயில். எங்கள் செட்டில் நான் ஒருத்திதான் ஃபெயில்.

டாக்டர் ஆனந்தநடராஜன் பெட்டியிலிருந்து ஒரு முன்கை எலும்பை எடுத்துக் கொடுத்து, பெயர் என்ன, கையில் எந்தப் பக்கம் இருக்கும் என்று இங்கிலீஷில் கேட்டார். ரேடியஸ், உட்பக்கம் என்றேன் கணீரென்று. உட்பக்கம் தப்பாம். எப்படித் தப்பாகும்? வகுப்பு மூலையில் நிற்கும் எலும்புக்கூட்டைத் தொட்டுத் தொட்டுப் படித்தவள் நான். புஷ்பவள்ளி நோட்ஸை நெட்டுருப் போட்டு 'வெளிப்பக்கம்' என்றாள், பாஸ். உன் கையில் காட்டு என்று கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பாள்.

மார்ச்சில் டாக்டரே இன்னொரு தடவை கேட்பார். அதிலும் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் போக வேண்டியதுதான். அங்கே அப்பா, பழனிவேல் மாமாவுக்கு என்னைக் கட்டிவைக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமா நல்லவர்தான். குறிஞ்சிப்பாடியிலிருந்து மூட்டை மூட்டையாக மல்லாட்டை (மதராஸில் வேர்க்கடலை என்பார்கள்) அனுப்புகிறவர். மல்லாட்டைக்காகக் கழுத்தை நீட்ட முடியுமா?

டிசம்பர் 7. சனி.

மதராஸிலிருந்து புதிதாக வந்திருக்கும் மேட்ரன் எங்களை எல்லாம் தன் அறைக்குக் கூப்பிட்டார். பிஸ்கோத்து கொடுத்தார்! அப்புறம்தான் விஷயம். "பாடம் எப்படி நடக்குது, சொல்லிக்கொடுக்கறவங்க எப்படி, புஸ்தகம் சாமான் எல்லாம் போதுமா? தைரியமா சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார்.

மாணவிகளைப் பார்த்து வாத்தியாரைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதா? இப்படி ஒன்றை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. எல்லாரும் ஒரே குரலில், "எல்லாம் நல்லா இருக்குது மேடம்" என்றோம். நானும் சேர்ந்துதான் சொன்னேன். அவர் ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துவிட்டுப் பிஸ்கோத்துத் தட்டை மூடி வைத்தார்.

டிசம்பர் 10.

ஃபெயில் என்று அப்பாவுக்குக் கார்டு போட்டுவிட்டேன். கார்டைப் பெட்டியில் போட்ட பிறகு நல்ல பசி.

டிசம்பர் 21. சனி.

வாயைத் திறந்து தொலைத்தேன்.

மேட்ரன் மறுபடி கூப்பிட்டார். மறுபடி "எல்லாம் நல்லா இருக்குது." அவர் விடவில்லை. என்னைப் பார்த்து, "எல்லாம் நல்லா இருந்தா நீ ஏம்மா ஃபெயில் ஆனே?" என்றார். அவ்வளவுதான். உள்ளே கிடந்தது எல்லாம் கொட்டிவிட்டது.

டாக்டர் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுகிறார், எங்களுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரியும் என்றேன். சிஸ்டர் இங்கிலீஷில் நோட்ஸ் சொல்லுகிற வேகத்தில் பாதி வார்த்தை பறந்து போகிறது என்றேன். எல்லாருக்குமாக இருக்கிற ஒரே புத்தகத்தில் கையைப் பற்றிய பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது, அதனால் எங்களைவிடக் கரையானுக்கு உடற்கூறு நன்றாகத் தெரியும் என்றேன். (இது தேவையா?) துணி பொம்மையைக் குளிப்பாட்டிப் பழகுகிறோம், பொம்மை என்றைக்காவது 'தண்ணி சில்லுனு இருக்குதே'ன்னு கத்துமா, வார்டில் கிழவி கத்துகிறாளே என்றேன்.

மேட்ரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். புஷ்பவள்ளி என் முந்தானையைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஊக்கே தெறித்துப் போயிற்று.

டிசம்பர் 23. திங்கள்.

டாக்டர் காதுக்குப் போய்விட்டது. வகுப்பு நடுவில் சட்டென்று திரும்பி, "மிஸ் தில்லையம்மாள், என் முகம் இப்போ தெரியுதா? போதுமா?" என்றார். பிறகு பழையபடி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகே கோபமாக இருந்தது.

புஷ்பவள்ளி பேச மாட்டேன் என்கிறாள். "நீ ஃபெயிலு. போறவ பேசிட்டுப் போயிடுவ. நாங்க இங்கயே கெடக்கணும்" என்று ஒரே ஒரு தடவை பேசினாள். போகிறவளா நான்? அப்படியே முடிவு கட்டிவிட்டாளா? அழுகை வந்தது. ஊசி கொதிக்க வைக்கிற பாத்திரத்துப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்றால் ஆவி என்று சொல்லிக்கொள்ளலாம்.

டிசம்பர் 27.

ஜகதாம்பாள் சிஸ்டர் இன்று நோட்ஸ் சொல்லும்போது மூன்று தடவை நிறுத்தினார். யாரையும் பார்க்கவில்லை. ஆனால் நிறுத்தினார்!

ஜனவரி 6, 1947. திங்கள். சிதம்பரம்.

ஆருத்ரா தரிசனத்துக்கு லீவு. நாலு வீதியிலும் கால் வைக்க இடமில்லை. களி சாப்பிட்ட மயக்கத்தில் அப்பா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, நான் பயந்துகொண்டிருந்த பேச்சை ஆரம்பித்தார்.

"மார்ச்சு வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் நீ ஒண்ணும் பேசக் கூடாது. நாடி பாக்கவாச்சும் தெரியுமா, அதுவும் ஃபெயிலா?" என்று கையை நீட்டினார்.

ரோஷம் வந்துவிட்டது. அவர் கையைத் திருப்பி, கட்டை விரல் பக்கம் மணிக்கட்டில் விரல் வைத்து, படித்ததைச் சத்தமாகச் சொன்னேன். "கட்டை விரல் பக்கம் இருக்கறது ரேடியஸ் எலும்பு. அது மேலதான் இந்த நாடி ஓடுது. அது கையில உட்பக்கம்…"

நிறுத்திவிட்டேன். அப்பா உள்ளங்கையை முன்னால் காட்டி நீட்டியிருக்கிறார். கட்டை விரல் உட்பக்கமா இருக்கிறது? உடம்பை விட்டு வெளியே அல்லவா நீட்டிக்கொண்டிருக்கிறது!

நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அப்பா முகம் வெளுத்துப்போயிற்று. "என்னாடி? நின்னுபோச்சா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா, குதிரையாட்டம் ஓடுது" என்று எழுந்து, இரண்டு உள்ளங்கையையும் முன்பக்கம் காட்டி நின்று பார்த்தேன். இரண்டு கட்டை விரலும் வெளியே. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வரம் குடுக்கற சாமி மாதிரி எதுக்குடி நிக்கற?" என்றாள்.

குடம் தூக்குகிறோம், கோலம் போடுகிறோம். என்றைக்கு நாம் உள்ளங்கையை முன்னால் காட்டிக்கொண்டு நிற்கிறோம்? பாடத்தில் உட்பக்கம், வெளிப்பக்கம் சொல்வதோ அந்த நிலையை வைத்துத்தான். எலும்புக்கூடும் அப்படித்தான் நிற்கிறது. அதன் கட்டை விரல் இரண்டும் உட்பக்கம் பார்க்கிறது. சத்தியமாகப் பார்க்கிறது. நூறு தடவை தொட்டிருக்கிறேன்.

ஜனவரி 8. புதன். கடலூர்.

திருப்பாதிரிப்புலியூரில் ரயிலை விட்டு இறங்கியதும் ஜட்கா பிடித்து நேராக வகுப்புக்குத்தான் போனேன். நான் நினைத்தது சரி. முழங்கைக்குக் கீழே இடம் வலமாக மாறியிருக்கிறது. வலது கை இடது பக்கம், இடது கை வலது பக்கம்.

எப்போது என்பதும் ஞாபகம் வந்துவிட்டது. ஆயுத பூஜை! கத்தி, கத்தரி, ஊசி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்தபோது எலும்புக்கூட்டை மட்டும் விடுவானேன் என்று அதையும் கழற்றிக் கழுவி வெயிலில் காயப் போட்டோம். நெற்றியில் சந்தனம், கழுத்தில் சாமந்தி மாலை. அன்றிலிருந்துதான் அதற்கு எங்களிடம் 'மாப்பிள்ளை' என்று பெயர். திரும்பக் கம்பி போட்டுக் கட்டியவர் வார்டு பாய் பக்கிரி அண்ணன். பின்னால் நின்று கட்டினார். முன்னால் நின்று 'இது வலது, இது இடது' என்று எடுத்துக் கொடுத்தவர் டாக்டர். எதிரும் புதிருமாக நின்றால் ஒருத்தர் வலது இன்னொருத்தருக்கு இடதுதானே? அப்புறம் அவர் ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அவர்தான் கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறவராயிற்றே.

புஷ்பவள்ளியிடம் சொன்னேன். பேசாத விரதத்தை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தில்ல, இத வெளிய சொல்லாத. டாக்டர் ஏற்கெனவே உம்மேல கோவமா இருக்காரு. அவரு கட்ட வச்சது தப்புன்னு சொன்னா மார்ச்சுல உன்ன விடுவாரா? ஒனக்குத்தான் தெரிஞ்சிபோச்சே. வெளிப்பக்கம்னு சொல்லிட்டு பாஸ் பண்ணிக்கிட்டுப் போயேன்."

அவள் சொல்லுவது நியாயம்தான். இந்தப் பாழாய்ப்போன வாய்க்கு அது தெரிய வேண்டுமே.

ஜனவரி 12.

சொல்லப்போவதில்லை. முடிவாகிவிட்டது.

ஜனவரி 14.

பொங்கல். ஜூலையில் புது செட் வருமாம். அவர்களும் இதே கையைத்தான் தொட்டுப் படிப்பார்கள். என்னைப் போல ஒருத்தி இருந்தால்?

ஜனவரி 18. சனி.

மேட்ரன் அறைக்குள் நுழைந்தால் டாக்டரும் சிஸ்டரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எடுத்த பிஸ்கோத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். "முதுகுக்குப் பின்னால பேசறது எனக்குப் பிடிக்கலை. இனிமே நேராவே பேசலாம்" என்றார் மேட்ரன்.

யாரோ ஒருத்தி "எல்லாம் நல்லா இருக்குது" என்று ஆரம்பித்தாள். நான் எழுந்தேன்.

"சார், ஒரு நிமிசம் வகுப்புக்கு வர முடியுங்களா? மாப்… எலும்புக்கூடு பக்கத்துல ஒங்கள நிக்க வச்சிப் பாக்கணும்."

இவளுக்குப் பைத்தியமா என்பதுபோலப் பார்த்தார். ஆனாலும் வந்தார். எல்லாரும் பின்னால் வந்தார்கள். அவரை மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க வைத்து, இரண்டு கையையும் தொங்கவிட்டு உள்ளங்கையை முன்பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பினார். அவர் கட்டை விரல் இரண்டும் வெளியே. மாப்பிள்ளையின் கட்டை விரல் இரண்டும் உள்ளே.

டாக்டர் தன் கையைப் பார்த்தார். அதன் கையைப் பார்த்தார். மறுபடி தன் கையைப் பார்த்தார். அப்போது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பார்த்தால் ஜகதாம்பாள் சிஸ்டர்! அவருக்குச் சிரிக்க வரும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

"பக்கிரி!" என்று கத்தினார் டாக்டர்.

பக்கிரி அண்ணன் ஓடிவந்து பார்த்துவிட்டு, "நீங்கதான சாமி வலதுன்னு எடுத்துக் குடுத்தீங்க?" என்றார்.

"நான் சொன்னது என் வலதுய்யா!"

"நான் கட்டினது அதோட வலதுங்க."

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. மேட்ரன் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். டாக்டர் மட்டும் சிரிக்காமல் என்னிடம் வந்தார். "பூஜையிலேர்ந்து இப்படித்தான் இருக்குதா?" என்றார். ஆமாம் சார் என்றேன். "நானும் அன்னைலேர்ந்து இதுக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தான் நின்னிருக்கேன்" என்றார் மெதுவாக. போகிறபோது வாசலில் நின்று, "மார்ச்சுல பரீட்சை பரீட்சைதான். இதுக்காக ஒண்ணும் விட்டுக்குடுக்க மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பாவி மனுஷன்! ஆனாலும் இன்று முழுக்க நான் தரையிலே நடக்கவில்லை.

ஜனவரி 20. திங்கள்.

கையைக் கழற்றிச் சரியாகக் கட்டினோம். இந்தத் தடவை எல்லாரும் ஒரே பக்கம் நின்றோம்.

பிப்ரவரி 5.

பொம்மைக்கு ஓய்வு. ஒருத்தியை ஒருத்தி படுக்க வைத்துத் துடைத்துவிட்டுப் பழக வேண்டும் என்று உத்தரவு. புஷ்பவள்ளி போட்ட கூச்சலில் ஆண்கள் வார்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. தண்ணீர் எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்று இனி ஜன்மத்துக்கும் மறக்க மாட்டேன். அடுத்த முறை எனக்கு அவள் ஊற்றினாளே!

பிப்ரவரி 19.

மதராஸிலிருந்து புதுப் புத்தகம் வந்திருக்கிறது. ஜாஸ்தி இல்லை, நாலே நாலு. டாக்டர் இப்போது எங்கள் பக்கம் பார்த்துத்தான் பேசுகிறார். இதில் ஒரு கஷ்டம். வகுப்பில் தூங்க முடியவில்லை.

மார்ச் 15. சனி.

பரீட்சை. டாக்டர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கையில் ஒரு எலும்பை வைத்தார். எந்தப் பக்கம் என்பதோடு விடவில்லை. பெயர், எந்தக் கை, எந்த முனை மேலே, எல்லாம் கேட்டார். தடவிப் பார்த்தேன். மாப்பிள்ளையிடம் கற்ற விரல்கள். ரேடியஸ், வெளிப்பக்கம், வட்டத் தலை மேலே, இது இடது என்றேன்.

"நிச்சயமா இடதுதானா?"

"யாரோட இடதுங்க சார், ஒங்களோடதா, அதோடதா?"

இந்த வாயை என்ன செய்வது? கண்ணை மூடியிருந்ததால் அவர் முகம் தெரியவில்லை. ஆனால் நாற்காலி குலுங்கிய சத்தம் கேட்டது.

மார்ச் 30.

பாஸ் என்று வீட்டுக்குக் கார்டு போட்டிருந்தேன். பழனிவேல் மாமாவிடமிருந்து ஒரு மூட்டை மல்லாட்டை வந்தது. கூடவே ஒரு வரி: 'பெரியாஸ்பத்திரி நர்சம்மாவுக்கு. எனக்கு வேற எடத்துல பாக்கறாங்க, கல்யாணத்துக்கு லீவு போட்டுட்டு வா.' முழு வார்டுக்கும் வறுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 7, 1947. திங்கள்.

இரண்டாம் வருஷத்து நீலப் பட்டையைத் தோளில் குத்திக்கொண்டு முதல் நாள். புது செட் வந்திருக்கிறது. எலும்பைத் தமிழில் நான் சொல்லிக் கொடுத்த பிறகுதான் டாக்டர் இங்கிலீஷில் ஆரம்பிப்பாராம். சிஸ்டரின் ஏற்பாடு.

மாப்பிள்ளை பக்கத்தில் நின்று ரொம்ப நன்றாகத்தான் நடத்தினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் பெருமையாக, "எல்லாம் புரிஞ்சுதா?" என்றேன்.

"புரிஞ்சுதுக்கா" என்று ஒரே குரலில் வந்தது. பின் வரிசையில் விருத்தாம்பாள் என்கிற பெண் மட்டும் கையைத் தூக்கினாள். பண்ருட்டிப் பக்கம், காதில் பெரிய தோடு.

"அக்கா, ரொம்ப வேகமா போறீங்க. அதோட நீங்க எலும்பப் பாத்துதான் பேசறீங்க, எங்களப் பாக்கவே இல்ல."

முகம் சுரீர் என்று எரிந்தது. முதல் நாளே இவ்வளவு வாயா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாசலில் டாக்டர் ஆனந்தநடராஜன் வேறு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையை மட்டும் மெதுவாக என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு நடந்து போனார்.

நான் அந்தப் பெண்கள் பக்கம் திரும்பி நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.