கோணல் பூ

1849 மார்ச் 5, திங்கள்

இன்றும் ஒன்று கோணல். கண்ணாடிப் பேப்பர்வெயிட் குண்டு வெளியே முழுக்க நீலப் பூச்சு, அதற்குக் கீழே வெள்ளை. உள்ளே பூச்செண்டு எப்படி நிற்கிறது என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. சாணையில் நான் பூச்சை வட்டமாகச் சீவிச் சன்னல் திறந்த பிறகுதான் தெரியும். திறந்தேன். பூ ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. உலையடியில் பூவை உள்ளே வைக்கும்போதே சரித்தவன் என் மச்சான் தியோஃபில், என் மனைவி ஒர்தான்ஸின் தம்பி. மேலாளர் பொன்வாலிடம் கூசாமல் சொல்கிறான்: "பூ நேராத்தான் இருக்கு. அத்தான்தான் சன்னலை மாத்தி வெட்டிட்டாரு."

இன்னொன்று கெட்டால் எனக்குச் சாணை கிடையாதாம். குப்பி மூடி தேய்க்க வேண்டுமாம். நான்! மூடி!

மார்ச் 6

"சின்னப் பையன், விட்டுக்கொடுங்களேன்" என்கிறாள் ஒர்தான்ஸ். முப்பத்தொரு வயசுச் சின்னப் பையன். சூப்பைத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

மார்ச் 9

தியோஃபில் செய்த அடுத்த குண்டு வந்ததும், எல்லார் முன்னாலும் சுண்ணக்கட்டியை அவன் கையில் திணித்தேன். "பூவ நீதானே வச்ச? எங்க வெட்டணும்னு நீயே வட்டம் போடு." போட்டான். கோடு பிசகாமல் வெட்டினேன். பூ படுத்தே கிடந்தது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

 பொன்வால் குண்டை எடுத்துப் பாரிஸ் போகும் பெட்டியில் போட்டார்.

மார்ச் 24

அட கடவுளே! பாரிஸ் கடைக்காரருக்குப் பிடித்துவிட்டதாம். பூ காற்றில் சாய்கிறதாம். அதே மாதிரி ஒரு டஜன் வேண்டுமாம். "வேணும்னேதான் சாச்சேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறான் தியோஃபில். பொன்வால் அவன் முதுகில் தட்டுகிறார். என்மேல் போட்ட பழி? அது அப்படியே நிற்கிறது.

ஏப்ரல் 3

இதுவரை திறந்த அத்தனையிலும் பூ நேர். வேண்டாதபோது சாய்ந்தது, வேண்டும்போது கம்பம் மாதிரி நிற்கிறது! பொன்வால் போட்ட கூச்சல் உலைவரைக்கும் கேட்டது.

ஏப்ரல் 5

தியோஃபில் சாணைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "அத்தான்... சன்னலைக் கொஞ்சம் தள்ளி வெட்டினா, பூ சாஞ்ச மாதிரி தெரியுமில்ல?"

தெரியும். ஏன் தெரியாது?

"முதல்ல பொன்வால்கிட்ட போய் உண்மையச் சொல்லிட்டு வா." அக்காவை இழுத்தான், ஆண்டவரை இழுத்தான். நான் சக்கரத்தை நிறுத்தவில்லை.

ஏப்ரல் 7

பூவைச் சரித்தது தான்தான் என்று சொல்லிவிட்டான், பட்டறையே கேட்க. பொன்வால் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சாணை உங்களுதுதான், வெட்டுங்க" என்றார். அவ்வளவுதான்.

இருபது வருஷம் நேராக வெட்டினேன். ஒருத்தர் ஒரு வார்த்தை மெச்சியதில்லை. இன்று முதல்முறையாக, தெரிந்தே, கோணலாக வெட்டினேன். பொன்வால் குண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அற்புதம்! கைன்னா இது கை!" என்றார். பட்டறை முழுக்கக் கை தட்டியது.

கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.