இடக்கை மருந்து

04.03.1974, திங்கள்

இராசமலர் பிள்ளைப்பேற்றுக்குச் சாம்பல்தீவிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போகமுதல் என் தட்டையும் கோப்பையையும் குசினி மூலையில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். "மாமி, பிள்ளையோட வரேக்க நீங்கள் கொஞ்சம் தள்ளி இருந்தா நல்லம்" என்றாள். அவள் புருஷன் குலசிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் தம்பி மகன்; தாயில்லாத அவனை மூன்று வயதிலிருந்து வளர்த்தவள் நான். என்னை மாந்தீவுக்கு, குட்டக்காரரோடு அனுப்பாத குறை.

என் கைகளில் செதில் செதிலாய் எழும்புற இது குட்டமில்லை, சொரியாசிஸ், தொற்றாது என்கிறார் டொக்டர் சோமசேகரம். ஆராய்ச்சிக்கென்று கொழும்பிலிருந்து வந்தவர். இதே வருத்தமுள்ள எங்கள் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டு டப்பா களிம்பு. இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. ஒன்று புது மருந்து, மற்றது பழைய மருந்து. எது எதுவென்று அவருக்கே தெரியாதாம். உறைக்குள் எழுதி ஒட்டியிருக்கிறதாம். "அம்மா, மாத்திப் பூசிடாதேங்கோ." மூன்று தரம் சொன்னார்.

18.03

இடக்கையில் செதில் உதிர்ந்து நல்ல தோல் தெரிகிறது! வலக்கை அப்படியே கிடக்கிறது. பிள்ளையாரே, இதென்ன நியாயம்? கழுவுற கைக்குச் சுகம், திருநீறு பூசுற கைக்கு இல்லையோ?

கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த கிண்ணியா ஆமினா உம்மாவிடம் சொல்லி அழுதேன். அவவுக்கு இரண்டு முழங்காலிலும் இதே வருத்தம். "ரெண்டும் அல்லாஹ் தந்த கைதானே, நீங்க என்னத்துக்குப் பக்கம் பாக்குறீங்க?" என்று சிரித்தா. அவவுக்கென்ன, முழங்காலை மூடிக்கொண்டு திரியலாம்.

19.03

மாற்றிப் பூசினேன். இடது டப்பா வலக்கைக்கு, வலது டப்பா இடக்கைக்கு. தினமும் இனி இப்படித்தான். சாமி மன்னிக்கும்.

28.03

ஆண்பிள்ளை! தாயும் பிள்ளையும் சுகம். முப்பத்தோராம் நாள் தலைமயிர் வழிக்கும்போது, எங்கள் வீட்டில் தகப்பன் பக்கத்து மூத்த பெண்தான் பிள்ளையை மடியில் வைத்திருக்கவேணும். இப்ப அது நான்தான். வலக்கை தெளிஞ்சு வருது. இடக்கையில்தான் திரும்ப எழும்புது. சீலைத் தலைப்பால் மூடலாம்.

08.04

டொக்டர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, உங்களுக்கு வலது மருந்துதான் கேட்டிருக்கு. இனி ரெண்டு கைக்கும் அதையே பூசுங்கோ." கொப்பியில் எழுதினார். வலது டப்பா இரண்டு தந்தார். நல்ல மருந்திருந்த இடது டப்பாவைத் திருப்பி வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

வாய் திறக்கேல்ல நான். ஏன் திறக்கேல்ல?

17.04

இரண்டு கையும் போச்சு. முழங்கை தாண்டி எழும்பீற்று. படுக்கை முழுக்கச் செதில். இன்னும் பத்து நாள். கோணேசப் பெருமானே, நான் ஆரிட்டப் போய்ச் சொல்ல?

சொன்னால் டொக்டர் துரத்திவிடுவார். சொல்லாட்டி? எல்லாருடைய கணக்கையும் கூட்டித்தான் எது நல்ல மருந்தென்று எழுதப்போறாராம். என்ட பொய்யும் அதுக்குள்ள. ஆமினா உம்மாவின்ட முழங்காலுக்கும் அந்தப் பிழையான மருந்துதானே போகும்?

22.04

தனியாகப் போகத் துணிவில்லை. குலசிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஐயா, நான் பொய் சொல்லேல்ல. சொல்லாமல் விட்டனான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் ஏசவில்லை. அடிமட்டம் வைத்து, கொப்பியில் என் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு வெட்டினார். "பன்னிரண்டு பதினொண்டாப் போச்சு. ஆராய்ச்சி முடியுமட்டும் இந்த டப்பா ஒண்டையும் வெளியில குடுக்க ஏலாது அம்மா. தேங்காயெண்ணெய் பூசுங்கோ." அவ்வளவுதான். காலில் விழப் போனேன். அவர் வெறுங்கையால் என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினார். பிறகு அந்தக் கையாலேயே பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டார்.

வழி நெடுக அழுதுகொண்டு வந்தேன்.

27.04

முப்பத்தோராம் நாளுக்கென்று இராசமலர் நேற்றே பிள்ளையோடு வந்திட்டாள். விடிய எழும்பி, ஆரும் பாக்காமல் அறைக்குள்ளேயே இருப்பம் என்று கதவைச் சாத்தினேன். முற்றத்தில் குலசிங்கத்தின் சத்தம்.

"டொக்டர் வெறுங்கையால பிடிச்சவர், பிறகு அதே கையால சாப்பிட்டவர். நான் கண்ணால பாத்தனான். உமக்கு இன்னும் என்ன வேணும்?"

பிறகு இராசமலர் கதவைத் தட்டினாள். "மாமி, அம்பட்டர் வந்திட்டார். வாங்கோ." என் மடியில் முதலில் ஒரு துவாயை விரித்து, அதன்மேல்தான் பிள்ளையை வைத்தாள். முகம் இறுகித்தான் இருந்தது.

கத்தி பட்டதும் பிள்ளை வீரிட்டு, உதைத்து, துவாயை நிலத்தில் தள்ளிப்போட்டான். இராசமலர் குனிந்தாள். எடுத்தாள். திரும்ப விரிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

என் சீலை முழுக்கப் பிள்ளையின் மூத்திரம். பொழுதுபட்டுப் போச்சு, இன்னும் மாற்றவில்லை.