நைனாவின் படகில் மருந்துத் தண்ணீர்

என் ஆசை நைனா,

உன் ஃபைபர் படகு இப்போது கரையில் இல்லை. நம் கோட்டைக்குப்பம் வீட்டு முற்றத்தில், முருங்கை மரத்தடியில் நிற்கிறது. உள்ளே பூச்சிமருந்து கலந்த தண்ணீர், விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை.

உன் மருமகன் வெளிநாட்டுக்கு நாற்காலி செய்து அனுப்புகிறார், தெரியுமா? நம் ஊர் டச்சுக் கல்லறை வாசலில் இருக்கிற அதே பூவேலையை நாற்காலிக் கட்டையில் மெஷின் முக்கால்வாசி வெட்டிவிடும். மீதியை அவர் உளியால் முடிப்பார். முதல் சரக்கை, மரத்தில் வண்டு இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். அதனால் செதுக்கிய கட்டைகளை மருந்தில் ஊறவைக்க வேண்டியதாயிற்று. "மாமாவோட போட்டு சும்மா கெடக்க, தொட்டி எதுக்கு? ஒரு சொட்டு ஒழுவாது" என்றார். நம் தெருவில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

ஆனால் உன் பேத்திக்குப் படகு என்றால் ஏறுவதற்குத்தான். நீதானே பழக்கினாய்? இன்று மத்தியானம் மீனு கீழே கிடந்த கட்டையை மிதித்து ஏறி, வயிறு விளிம்பில் அழுந்த, உள்ளே கையை நீட்டிக்கொண்டிருந்தாள். சட்டையைப் பிடித்து இழுத்தேன். "தாத்தாவோட போட்டு. நான் போவேன்" என்று உதைத்தாள். அவள் விரல்களைத் திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்தேன். மருந்து டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தது பயத்தைத்தான் கூட்டுகிறது.

"கவுத்துக் கொட்டிடுங்க" என்றேன் அவரிடம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மஞ்சுளா அக்கா கேட்டாள்: "எங்கடி கொட்டுவ? உங்க ஊட்டுத் தண்ணி ஏரிக்குத்தான் ஓடுது. நாங்க கைய உட்டு எறா தடவுற எடம். எங்களையும் வண்டுனு நெனச்சிக்கினியா?"

அவர் தார்ப்பாயைத் தேடி எடுத்து வந்தார்.

கிழக்கே மேகம் கறுத்திருக்கிறது. ஒரு நல்ல மழை போதும், யாரும் கவிழ்க்காமலே வழிந்துவிடும். தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கிறோம். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடிக்கிறது. நீ இருந்திருந்தால் மழை எப்போது இறங்கும் என்று சொல்லியிருப்பாயா?

மீனு என் மடியில் தூங்குகிறாள். என் புடவை முனையை அவள் இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறேன்.

விடிந்ததும் அந்தத் தண்ணீரை மூடி போட்ட டிரம்களில் மொண்டு அடைக்கப் போகிறோம். "ஆர்டர் தள்ளிப்போவும், கலா" என்றார். போகட்டும். அதன் பிறகு படகை எத்தனை முறை கழுவினாலும் நான் நம்ப மாட்டேன். கோவிச்சுக்காதே நைனா. உன் படகை நான் உடைத்துவிடுவேன். மீனு அழுவாள். அழுவதற்கு அவள் இருக்கட்டும்.

உன் மகள், மீனுவுக்கு அம்மா,
கலா