அத்தை திறந்த தட்டு

அன்பு மகள் கசொண்டேவுக்கு,

1. இதை எழுதுபவன் காசாமா உள்ளூர் நீதிமன்ற எழுத்தர் லாரன்ட் சன்ஷி, உன் தந்தை. நானே கண்டதையும் கண்டவர் சொல்லக் கேட்டதையும் பிரித்தே எழுதுகிறேன்.

2. அம்மாவின் முழங்கால் வலி நீங்கலாக இங்கு யாவரும் நலம். நீ அங்கே கிட்வேயில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நம்பிக்கை சாட்சியம் ஆகாது என்பதால் பதிலில் உறுதிப்படுத்து.

நம் வீட்டில் உன் கல்யாணத் தட்டைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, தேர்வை விட்டுவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறப்போவதாக நேற்று அம்மாவிடம் தொலைபேசியில் அழுதாயாம். ஏறாதே. ஒரு பருவத் தேர்வைத் தவறவிட்டாலும் பெண்களுக்கான அந்த உதவித்தொகை நின்றுவிடும் என்ற நிபந்தனையைப் பலமுறை படித்த பிறகே நான் கையெழுத்திட்டேன். அது நின்றால் கணினிப் படிப்பை என் சம்பளத்தால் தொடர இயலாது என்பது உனக்கும் தெரியும்.

நடந்தது இது. ஞாயிறு காலை நாங்கள் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தோம். கால் சுளுக்கிய ஃபெலிஸ்டஸ் அத்தை மட்டும் வீட்டில் இருந்தார். கடைக்காரர் சிம்பயா தம் மகனுக்குப் பெண் கேட்டு அனுப்பிய தூதர் கபுங்கோ, துணி சுற்றிய மூடிய தட்டு ஒன்றை வாசலில் வைத்திருக்கிறார். கோயில் பெண்கள் கொடுத்தனுப்பிய சாப்பாடு என்று நினைத்து அத்தை மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே வெள்ளை மணிமாலையும் சில நோட்டுகளும். பெண் வீட்டார் மூடியைத் திறந்தால் பேச்சுக்கு இசைந்ததாகக் கொள்வது நம் வழக்கம் ஆகையால், கபுங்கோ கைதட்ட, அக்கம்பக்கத்துப் பெண்கள் குலவையிட, செய்தி உன் விடுதி வரை வந்துவிட்டது.

மாலையில் பேச உட்கார்ந்தோம். இனி எழுதுவது நானே கண்டது. திறந்தது திறந்ததுதான், அடுத்த மாதமே நாள் குறிக்கலாம் என்றார் கபுங்கோ. படிப்பு முடியட்டும் என்றேன். நாம் மழைக் குலம், அவர் காளான் குலம்; இவ்விரு குலத்தாரும் ஒருவரையொருவர் கேலி பேசும் முறை உடையவர்கள் ஆகையால் அவர், “என்ன மச்சான், கோர்ட்டுல வாய்தா வாங்குற மாதிரி பொண்ணுக்கும் வாய்தா வாங்குறீங்களா? கம்ப்யூட்டர் எங்க கடையிலயும் இருக்கு, இங்க வந்து தட்டட்டும்” என்றார். தட்டுக்குப் பதில் சொல்லுமுன் ‘இவரை உனக்குத் தெரியுமா’ என்று பெண்ணிடம் கேட்பது அதே வழக்கத்தின் மறுபாதி என்றும், பாதி வழக்கத்தைக் கொண்டு எவரையும் கட்ட முடியாது என்றும் சொன்னேன். அப்போது அத்தை, “பசிக்கு மூடியத் தொறந்தேன்யா, சம்மதத்துக்கு இல்ல. தொறந்தவளத்தான் கட்டணும்னா என்னையக் கூட்டிட்டுப் போ. எனக்குப் பரீட்சை ஒண்ணும் இல்ல” என்றார். கபுங்கோவே சிரித்துவிட்டார்.

மறுநாள் குலவையிட்ட வீடுகளின் வழியாகவே நொண்டிக்கொண்டு போய், மாலையும் நோட்டுகளுமாகத் தட்டை மறுபடி மூடி, சிம்பயாவின் கடையில் கொடுத்துவிட்டு வந்தார் உன் அத்தை. ஆனால் மகளே, திறந்தது சம்மதம் ஆகாது என்று காட்டவே தட்டைத் திருப்பினோம்; நான் மறுப்பும் சொல்லவில்லை. அந்தப் பையன் கெட்டவன் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. உன்னைக் கேளாமல் மறுப்பதும் உன்னைக் கேளாமல் சம்மதிப்பதும் ஒரே குறைதான். தேர்வு முடிந்தபின் எழுது. வேண்டாம் என்றால் வேண்டாம், காத்திருக்கட்டும் என்றால் காத்திருக்கட்டும்; உன் சொல்லில் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அவர்களிடம் சேர்ப்பேன்.

உதவித்தொகை நேர்காணலில், இதுவரை கணினியைத் தொட்டதுண்டா என்று கேட்டவர்களிடம், அப்பாவின் தட்டச்சுப்பொறியைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன் என்றாயே. அது அரசுச் சொத்து. அதிலேதான் இந்தக் கடிதத்தையும் அடிக்கிறேன். நீ திரும்பப் பூட்டிய நாளிலிருந்து ஒரு எழுத்தும் சிக்கவில்லை.

கடவுள் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. மீண்டும் சொல்கிறேன், பேருந்து ஏறாதே.

ஒப்பம்: லாரன்ட் சன்ஷி, தந்தை

சாட்சிகள்:
ரொசாரியா சன்ஷி, தாய்
ஃபெலிஸ்டஸ் சன்ஷி, அத்தை; தட்டைத் திறந்தவர், மூடியவரும் அவரே