ஒரு வீட்டுக்கு ஒரு கடை

பிப்ரவரி 6

அன்புள்ள தையல்காரிக்கு,

போன் செய்தால் நாம் பேசுவதில்லை, கத்துகிறோம். நீ கட் பண்ணுவதற்குள் நான் கட் பண்ணிவிட வேண்டும் என்று போட்டி வேறு. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முழுசாகப் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு உன் அக்காவிடம் போய்ப் புலம்பாதே.

நெட்டில் இருக்கிற நம் கடையை மூடிவிட்டார்கள். நான் மூடவில்லை, அந்த ஆன்லைன் கம்பெனி மூடிவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஆர்டர் வந்திருக்கிறதா என்று பார்த்தால், நம் வாஷிங் மெஷின் கவர், ஃபிரிட்ஜ் கவர், மிக்ஸி கவர் எதையுமே காணோம். படம் இருந்த இடமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. மெயிலில் இப்படி வந்திருந்தது: ஒரு வீட்டுக்கு ஒரு கடைதான் அனுமதி, உங்கள் வீட்டில் இரண்டாவது கடை திறந்திருக்கிறீர்கள், ஆகவே இரண்டையும் நிறுத்தி வைக்கிறோம். நான் எங்கே இரண்டாவது கடை திறந்தேன்? இருக்கிற ஒன்றுக்கே லேபிள் ஒட்டி ஒட்டி விரலெல்லாம் பிசுபிசு என்று இருக்கிறது.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. "அம்மா கவர் தைக்கறாங்கப்பா, போட்டோ நான்தான் எடுத்தேன்" என்று குட்டி போன வாரம் போனில் சொன்னாள். உண்மையைச் சொல். அக்கா வீட்டில் உட்கார்ந்துகொண்டு நீ கடை திறந்தாயா?

தோள்பட்டை போன பிறகு என்னால் ஒரு மெஷினைக்கூட நகர்த்த முடியாது என்று உனக்குத் தெரியும். மறுபடி ரிப்பேர் வேலைக்குப் போனால் எவன் சேர்ப்பான்? இந்தக் கடைதான் சோறு. குட்டியின் படிப்பும் இதில்தான். நிரந்தரமாக ஒரு வருமானம் வேண்டும் என்று நாயாய் அலைந்து ஏற்படுத்திய கடை. ஹாலில் ஜன்னல் உயரத்துக்குக் கவர் கட்டுகள் நிற்கின்றன.

உடனே பதில் போடு.

உன் மெக்கானிக்

*

பிப்ரவரி 12

மெக்கானிக் அவர்களுக்கு,

இங்கே நலம். குட்டிக்குச் சளி, வேறொன்றும் இல்லை. தோளுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா இல்லையா என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. கொடுக்கவில்லை என்று நானே எடுத்துக்கொள்கிறேன்.

ஆமாம், கடை திறந்தேன். அக்கா இஸ்திரி போடும் மாடி அறையில் தையல் மெஷினைப் போட்டிருக்கிறேன். தைக்கத் தெரிந்தவள் தைக்காமல் வேறு என்ன செய்வாள்? "உன் தையலை எவன் பாக்கறான், வெலையத்தான் பாக்கறான்" என்று நீங்கள்தானே சொன்னீர்கள். சொன்னதோடு விட்டீர்களா? ஃபேக்டரியிலிருந்து மூட்டை மூட்டையாகக் கவர் கொண்டுவந்து இறக்கினீர்கள். நான் தைத்ததைப் படத்தில் காட்டிவிட்டு ஃபேக்டரி சரக்கை அனுப்பினீர்கள். ஜிப் வந்த அன்றே பிய்ந்துவிட்டது என்று ஒரு அம்மாள் எழுதியதைப் படித்து எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆனது. நான் கிளம்பி வந்தது அதற்காகத்தான். நீங்கள் கத்தியதற்காக இல்லை. நீங்கள் கத்துவது எனக்குப் புதுசா என்ன?

பணம் வந்து விழ பேங்க் கணக்கு கேட்டார்கள். எனக்கென்று தனியாக ஏது? நம் இருவர் பெயரிலும் உள்ள கணக்கைத்தான் கொடுத்தேன். அதை வைத்துத்தான் கண்டுபிடித்திருப்பார்கள். கோபித்துக்கொண்டு வருகிறவள் பேங்க்கையும் மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு வேட்டு வைக்க வேண்டும் என்று செய்ததில்லை, நம்புங்கள். என் கடையும் போய்விட்டது. திறந்து ஒரே ஒரு ஆர்டர்தான் வந்திருந்தது.

நாம் தனித்தனியாகத்தானே இருக்கிறோம், அதைச் சொல்ல வேண்டியதுதானே அவர்களிடம்?

உங்கள் தையல்காரி

*

பிப்ரவரி 20

அன்புள்ள தையல்காரிக்கு,

சொன்னேன் தாயே, சொன்னேன். கஸ்டமர் கேரில் ஒரு பெண். குரல் வெல்லக்கட்டி. "சார், நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம்னு சிஸ்டம் சொல்லுது சார்" என்றாள். "எங்க மாமனார் வீட்டுலயே இப்ப அப்படிச் சொல்றதில்லம்மா" என்றேன். சிரிக்கக்கூட இல்லை. "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று வைத்துவிட்டாள். பொறுமை! எனக்கு!

நம் மேல்வீட்டுக்காரர் என்னை ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார். கடை போனவர்களுக்கு அப்பீல் எழுதிக் கொடுப்பதே அந்த மனிதரின் தொழில். வாசலில் என்னைப் போல ஒரு கூட்டம், எல்லார் முகத்திலும் ஈயாடவில்லை. அவர் என் மெயிலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "புருஷன் பொண்டாட்டின்னா அவங்களுக்கு ஒரே வீடுதான். நீங்க எங்க இருந்தாலும் சரி. கோர்ட்டுல பிரிஞ்ச பேப்பர் இருந்தா ரெண்டு கடையும் தெறந்துருவாங்க. அது இல்லன்னா சும்மா அலையாதீங்க" என்றார்.

என்ன மனிதன் இவன் என்று எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு நானே உள்ளே போய், அந்தப் பேப்பர் கிடைக்க எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன்.

கோபப்படாதே. பேப்பருக்கு மட்டும்தான். கடை திறந்ததும் கிழித்துப் போட்டுவிடலாம். வேறு வழி தெரிந்தால் சொல், காலில் விழுகிறேன்.

உன் மெக்கானிக்

*

மார்ச் 1

மெக்கானிக் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அக்கா "என்னடி இது கூத்து?" என்று கேட்டாள். உங்கள் சகலை சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் அப்படி எழுந்து போனதுதான் எனக்கு உறுத்தியது. இந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் சாப்பாடு எவ்வளவு நாள் போடுவது என்று அவரும் யோசிப்பார் இல்லையா? தப்புச் சொல்ல முடியாது.

பேப்பருக்கு மட்டும் என்கிறீர்கள். சண்டை போட்டுக்கொண்டு வந்தவள்தான் நான். ஆனால் ஒரு நாள் கூட அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. அதை ஒரு வாஷிங் மெஷின் கவருக்காகச் சொல்ல வேண்டி வரும் என்று யார் கண்டது? எனக்கு அழுகை வருகிறது, சிரிப்பும் வருகிறது.

குட்டியிடம், "அப்பாவும் நானும் ஒரு ஆபீஸில் கையெழுத்துப் போடப் போறோம்" என்று சொன்னேன். "கடைக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். பொய் இல்லையே.

சரி. எந்தத் தேதி, எந்த இடம் என்று எழுதுங்கள், வருகிறேன். ஆனால் வக்கீல் நம்மைப் பற்றி வாய்க்கு வந்தபடி எழுதக் கூடாது. நீங்கள் அடித்தீர்கள், குடித்தீர்கள் என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

உங்கள் தையல்காரி

*

ஜூன் 18

அன்புள்ள தையல்காரிக்கு,

திறந்துவிட்டார்கள்! நாம் ஒன்றரை வருஷமாகப் பிரிந்திருப்பதைச் சொல்லி, ஆறு மாதக் காத்திருப்பு இல்லாமல் வக்கீல் வாங்கித் தந்த பேப்பரை அனுப்பி இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லை. போன வாரம் ஒரு நாள் காலையில் பார்த்தால் படமெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. உன் கடையும் திறந்திருக்கும், பார்த்தாயா?

ஆனால் இத்தனை மாதம் மூடிக் கிடந்ததில் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதோடு கம்பெனியே இப்போது கவர் விற்கிறது. நம் அளவு, நம் நிறம், நம்மைவிட விலை குறைவு. எது ஓடுகிறது என்று நம் கடையை வைத்தே பார்த்துக்கொண்டார்கள், படுபாவிகள். ஆர்டர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. அதிலும் ஒன்று நேற்று திரும்பி வந்துவிட்டது. மேலே மூடி திறக்கிற மெஷினுக்கு வாங்கிவிட்டு, அந்த வீட்டில் இருப்பது முன்பக்கம் கதவு வைத்ததாம். அதற்கும் நமக்குத்தான் ஒரே ஒரு நட்சத்திரம்.

அதை விடு. கோர்ட்டில் அந்த ஜட்ஜ் அம்மாள் "சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா?" என்று கேட்டபோது, நீ "இல்லை" என்றாய். பொய்தான் என்று தெரியும். தெரிந்தும் எனக்குப் பகீர் என்றது. வெளியே வந்து டீக்கடையில் நின்றோமே, என் தோள் வலிக்கும் என்று நீயே இரண்டு கிளாஸையும் வாங்கி வந்தாயே, அப்போது உன் கையைப் பிடித்து அப்படியே பஸ் ஏற்றிவிடலாமா என்று நினைத்தேன். வக்கீல் பார்த்துக்கொண்டிருந்தான், சும்மா இருந்துவிட்டேன்.

வீட்டில் என் இருமல் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. நீயும் குட்டியும் வந்துவிடுங்கள்.

உன் மெக்கானிக்

*

ஜூலை 2

என் மெக்கானிக்குக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த டீக்கடையில் எனக்கும் அதே நினைப்புதான். நீங்கள் கூப்பிடவில்லையே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். எனக்கு வர ஆசை. இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஆனால் ஒரு சங்கடம். கடை திறந்தபோது உங்களுக்கும் அந்த மெயில் வந்திருக்கும். இரண்டு கடையும் இனி ஒரே விலாசத்துக்கு வந்தால், அல்லது நாம் மறுபடி கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டால், இரண்டும் போய்விடும், அப்புறம் எந்த அப்பீலும் கிடையாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். நாம் சேர வேண்டும் என்றால் இரண்டில் ஒன்று போக வேண்டும்.

என் கடையில் வியாபாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பல நாள் ஈ ஓட்டுகிறேன். ஆனால் ஒரு டீச்சர் மிக்ஸி கவர் வாங்கினார்கள். ஓரம் மடித்துத் தைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, தன்னுடன் வேலை செய்பவர்களுக்கும் வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். கடைக்கு மேலே என் பெயர் இருக்கிறது. அதைத் தினமும் ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்கிறேன், பைத்தியம் மாதிரி.

உங்கள் கடை பழசு. அதில்தான் நாலு காசு வரும். நான் மூடிவிட்டு வரட்டுமா? நீங்கள் யோசித்து எழுதுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள் தையல்காரி

*

ஜூலை 9

என் கண்ணே,

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? உடனே மூடு! மேல்வீட்டுக்காரரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். அவர் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டாள்.

மூடும்போது கவனமாகச் செய். முதலில் சரக்கு எல்லாவற்றையும் 'இல்லை' என்று மாற்று. பிறகு செட்டிங்ஸில் கடைசியில் இருக்கும், 'நிரந்தரமாக மூடு' என்று. ஏன் மூடுகிறாய் என்று கேட்பான், 'வியாபாரம் இல்லை' என்று போடு, உண்மைதானே. அந்த டீச்சரிடம் என் கடை லிங்க்கைக் கொடு, ஃபேக்டரி சரக்கே அனுப்பிவிடலாம், அவர்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? தையல் மெஷினை உன் அக்காவிடமே விட்டுவிட்டு வா. இங்கே கட்டு அடுக்கினது போக நிற்க இடமில்லை. இனி நீ கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைக்கவும் வேண்டாம். லேபிள் ஒட்டினால் போதும், ராணி மாதிரி இரு.

குட்டியின் மேசையைச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறேன். என்றைக்கு பஸ் ஏறுகிறாய் என்று எழுது. நான் ஸ்டாண்டில் வந்து நிற்பேன்.

உன் மெக்கானிக்

*

ஜூலை 25

மெக்கானிக் அவர்களுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. காத்திருந்திருப்பீர்கள், மன்னியுங்கள்.

நான் கடையை மூடவில்லை. வரவும் இல்லை.

நீங்கள் சொன்ன இடத்தைத் திறந்து, அந்த 'நிரந்தரமாக மூடு' வரைக்கும் போனேன். கை வரவில்லை. உங்கள் கடையை மூடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்கவும் மாட்டேன், அதற்கு நீங்கள் எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். என் கடையை மூடியிருந்தாலும் சந்தோஷமாகத்தான் வந்திருப்பேன். "உனக்குக் கஷ்டமா இருக்காதாடி?" என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஒரே ஒரு வரி. அதைத் தேடி உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். லேபிள் ஒட்டினால் போதும் என்று இருந்தது.

நீங்கள் கெட்டவர் இல்லை. என்னிடம் ஆசையாக இருக்கிறீர்கள், எனக்குத் தெரியாதா? ஆனால் நான் வந்தால் மறுபடி அதே ஹால், அதே கட்டுகள், ஜிப் பிய்ந்தது என்று எவளோ எழுதுவதைப் படித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். என்னால் முடியாது.

என் கடை நிலைக்கும் என்று நினைத்து இதை எழுதவில்லை. கம்பெனி விற்கிற விலைக்கு எனக்குத் துணியே கிடைக்காது. அந்த டீச்சரின் ஆட்களும் போன வாரம் கம்பெனி கவரையே வாங்கிவிட்டார்களாம், அவரே வருத்தப்பட்டு எழுதினார். நான் அடுத்த வாரத்திலிருந்து ஒரு தையல் கடையில் காலர் வைக்கப் போகிறேன். உங்கள் கடையும் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. ஆக, எதற்காகக் கையெழுத்துப் போட்டோமோ அது இரண்டு பேருக்குமே மிஞ்சப்போவதில்லை. அப்படித்தான் ஆகிவிட்டது, என்ன செய்ய?

அந்தப் பேப்பரைக் கிழிக்க வேண்டாம். பத்திரமாக வையுங்கள்.

குட்டி உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சகலை பஸ் ஏற்றிவிடுவார், நீங்கள் ஸ்டாண்டில் அழைத்துக்கொள்ளுங்கள். சாயங்கால பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிடுங்கள், மறுநாள் அவளுக்குப் பரீட்சை. என்னைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்காதீர்கள்.

குட்டியின் அம்மா